வீதம் ஏறவில்லை, வரி ஏறியிருக்கிறது

கேள்வி: நாங்கள் லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். எனக்கு கவுன்சில் அலுவலகத்தில் வேலை, சம்பளம் 31,000 பவுண்டு. கணவர் ஐ.டி.யில் இருக்கிறார். பென்ஷன் பிடித்தம் போக இதுவரை 98,000 பவுண்டு. இப்போது பதவி உயர்வு கொடுத்து, இந்த ஏப்ரல் முதல் கணக்கிட்டு அதை 106,000 ஆக்குகிறோம் என்கிறார்கள். சேமிப்புக் கணக்கு வட்டியாக அவர் பெயரில் வருஷத்துக்கு 1,100 பவுண்டு வரும். மூன்றரை வயதிலும் ஒன்றரை வயதிலும் இரண்டு பிள்ளைகள். இருவரும் வாரம் ஐந்து நாளும் நர்சரியில் இருக்கிறார்கள், மணிக்கு 8.50 பவுண்டு. "ஒரு லட்சத்தைத் தாண்டினால் நர்சரிச் சலுகை எல்லாம் போய்விடும். உயர்வே வேண்டாம் என்று சொல்லச் சொல், இல்லையென்றால் நாலு நாள் வேலைக்கு மாறச் சொல்" என்கிறார் என் அண்ணா. அவருக்கு ஈஸ்ட் ஹாமில் மளிகைக் கடை, நாலு பேர் வேலை செய்கிறார்கள். லேபர் கட்சி ஆட்சிக்கு வந்ததிலிருந்து வரி, வரி என்று ஒரே புலம்பல். மாமனார் பழைய லேபர்காரர். "எந்த வீதத்தை ஏற்றினார்கள், ஒன்றைக் காட்டு" என்பார். வீடு மாதிரிதான் நாடும், வாங்கிய கடனைக் கட்டித்தானே ஆகணும் என்பதும் அவர்தான். அவருக்கு முழு அரசு ஓய்வூதியம் வருகிறது, அதற்கும் வரி போடப்போகிறார்களாமே என்று கவலை வேறு. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு சண்டையில்தான் முடிகிறது. யார் சொல்வது சரி? நாங்கள் என்ன செய்யட்டும்?

பதில்: சண்டையைப் பிறகு பார்ப்போம். சம்பள விஷயத்துக்குக் கெடு இருக்கிறது, அதனால் அது முதலில்.

உங்கள் அண்ணா பாதி சரி. வருமான வரியை மட்டும் பார்த்தால், சம்பளம் ஏறியதால் கைக்கு வரும் பணம் குறைவது இந்த நாட்டில் நடக்காது. குறைவாக ஏறும், அவ்வளவுதான். ஒரு லட்சத்தைத் தாண்டிய ஒவ்வொரு 2 பவுண்டுக்கும் பெர்சனல் அலவன்ஸில், அதாவது வரியில்லாத முதல் 12,570 பவுண்டில், 1 பவுண்டு வெட்டுகிறார்கள். 125,140 பவுண்டில் அலவன்ஸ் முழுதாகக் காலி. இந்த இடைவெளியில் சம்பாதிக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 40 பென்ஸ் நேரடி வரி, வெட்டுப்பட்ட அலவன்ஸுக்காக 20 பென்ஸ், நேஷனல் இன்சூரன்ஸ் (சம்பளத்தில் தனியாகப் பிடிக்கும் இன்னொரு வரி, இனி இன்சூரன்ஸ் என்று சொல்வது இதைத்தான்) 2 பென்ஸ். ஆக 62 பென்ஸ் போய் 38 பென்ஸ் கைக்கு வரும்.

உங்கள் கணவர் கணக்கில் வட்டியையும் சேர்க்க வேண்டும். உயர்வுக்கு முன் 99,100, உயர்வுக்குப் பின் 107,100. 8,000 பவுண்டு உயர்வில் முதல் 900க்கு 40 சதவீதம், அதாவது 360. மீதி 7,100க்கு 60 சதவீதம், அதாவது 4,260. இன்சூரன்ஸ் 160. மொத்தம் 4,780 போய், கைக்கு வருவது 3,220 பவுண்டு. வயிறு எரியும், ஆனாலும் லாபம்தான்.

நர்சரிக் கணக்கு அப்படியில்லை. அங்கே படிப்படியாகக் குறைப்பது கிடையாது. பெற்றோரில் ஒருவரின் வருமானம் ஒரு லட்சத்தை ஒரு பவுண்டு தாண்டினாலும் அன்றோடு சரி. இங்கிலாந்தில் 2025 செப்டம்பரிலிருந்து, வேலை பார்க்கும் பெற்றோரின் 9 மாதக் குழந்தை முதல் எல்லோருக்கும் வாரம் 30 மணி, வருஷத்துக்கு 38 வாரம் என்று கணக்கு. 1,140 மணி நேரம். சின்னவருக்கு இது முழுதாகப் போகும்: உங்கள் நர்சரி விலையில் 9,690 பவுண்டு. பெரியவருக்கு மூன்று வயது தாண்டிவிட்டதால், எல்லாப் பிள்ளைகளுக்கும் உள்ள 15 மணி நிற்கும், மேற்கொண்டுள்ள 15 மணி போகும்: 4,845 பவுண்டு. அடுத்தது டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர். நீங்கள் போடும் ஒவ்வொரு 80 பென்ஸுக்கும் அரசு 20 பென்ஸ் போடுகிறது, பிள்ளைக்கு வருஷம் 2,000 வரை. ஐந்து நாளும் நர்சரி என்பதால் இரண்டு பிள்ளைகளுக்கும் அந்த உச்சத்தைத் தொடுவீர்கள். அதில் 4,000. எல்லாம் சேர்த்து 18,535 பவுண்டு இழப்பு, கையில் ஏறியது 3,220. ஒன்றும் செய்யாமல் உயர்வை வாங்கிக்கொண்டால், வருஷக் கடைசியில் குடும்பத்துக்கு 15,315 பவுண்டு நஷ்டம். இந்தப் பள்ளத்திலிருந்து சம்பளத்தால் மட்டுமே ஏறி வரவேண்டுமென்றால், அவர் வருமானம் ஏறக்குறைய 141,000 பவுண்டுக்குப் போனால்தான் பழைய நிலைக்கு வருவீர்கள்.

அதற்காக உயர்வை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அரசு பார்ப்பது சம்பளத்தை அல்ல, அட்ஜஸ்டட் நெட் இன்கம் என்ற ஒரு தொகையை. வரிக்கு உட்பட்ட எல்லா வருமானத்தையும் கூட்டி, அதில் பென்ஷனுக்குப் போட்டதையும் கிஃப்ட் எய்டில் (நன்கொடைக்கான வரியை அரசு அறக்கட்டளைக்கே கொடுக்கும் ஏற்பாடு) கொடுத்த நன்கொடையையும் கழித்தால் வருவது. சரியாக ஒரு லட்சம் வரை பரவாயில்லை, தாண்டக் கூடாது.

ஆகவே பென்ஷனுக்குக் கூடுதலாக 7,500 பவுண்டு போகட்டும். 107,100 என்பது 99,600 ஆகிவிடும். அலுவலகத்தில் சேலரி சாக்ரிஃபைஸ் இருந்தால் அதுதான் முதல் வழி. சம்பளத்திலேயே 7,500 குறைத்து எழுதி, அதைக் கம்பெனி நேராகப் பென்ஷனுக்குக் கட்டும். வருமான வரியில் 4,420, இன்சூரன்ஸில் 150 மிச்சம். கையிலிருந்து உண்மையில் குறைவது 2,930 பவுண்டு, பென்ஷனில் ஏறுவது 7,500. உயர்வுக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் கையில் 290 கூடுதல், பென்ஷனில் 7,500 கூடுதல், நர்சரிச் சலுகை அப்படியே. கம்பெனிக்கும் தன் பங்கு இன்சூரன்ஸில் 15 சதவீதம், அதாவது 1,125 பவுண்டு மிச்சமாகிறது. அதில் ஒரு பகுதியைப் பென்ஷனில் சேர்த்துவிடும் கம்பெனிகள் உண்டு. எச்.ஆரிடம் வாய்விட்டுக் கேட்கச் சொல்லுங்கள், கேட்காதவருக்குக் கிடைக்காது.

சேலரி சாக்ரிஃபைஸ் இல்லையென்றால் சொந்தமாக ஒரு பென்ஷன் கணக்கில் 6,000 பவுண்டு போட்டால், பென்ஷன் நிறுவனம் அரசிடமிருந்து 1,500 வாங்கி 7,500 ஆக்கிவிடும். கழிப்பது அந்த 7,500தான், 6,000 அல்ல. ஆனால் 20 சதவீதத்துக்கு மேலான வரியை அவரேதான் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி.யிடம் கேட்டு வாங்க வேண்டும், தானாக வராது. இப்போது பிடிக்கும் பென்ஷன் எந்த வகை என்று பேஸ்லிப்பைப் பார்த்தால் தெரியும். வரிக்குரிய சம்பளம் என்ற வரியில் பென்ஷன் போன பிறகுள்ள தொகை இருந்தால், வரிச்சலுகை முழுதாகக் கிடைத்துவிட்டது. முழுச் சம்பளத்துக்கும் வரி போட்ட பிறகு பென்ஷன் பிடித்திருந்தால், இத்தனை வருஷமாக அவர் கேட்காமல் விட்ட பணம் எச்.எம்.ஆர்.சி.யிடம் இருக்கிறது. கடந்த நான்கு வரி வருஷங்கள் வரை பின்னோக்கிக் கேட்கலாம்.

இதில் வழுக்கும் இடங்கள் சில. முதலாவது, கம்பெனி கொடுக்கும் குடும்ப மருத்துவக் காப்பீடு. சம்பளத்தில் தெரியாது, ஆனால் வருமானத்தில் சேரும். அது 1,400 பவுண்டு என்று வைத்தால் மேலே சொன்ன 99,600 கணக்கு 101,000 ஆகி, எல்லாம் கவிழ்ந்துவிடும். அப்படியென்றால் 7,500க்குப் பதில் 9,000 போடுங்கள். அடுத்தது, மார்ச்சில் வரும் போனஸ். சேலரி சாக்ரிஃபைஸ் ஒப்பந்தம் பணம் வருவதற்கு முன்பே மாற்றப்பட வேண்டும், வந்த பிறகு மாற்ற முடியாது. பிப்ரவரி பேஸ்லிப்பில் ஏப்ரல் முதல் அதுவரை சேர்ந்த தொகை இருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டு, பற்றாததை மார்ச்சிலேயே சொந்தப் பென்ஷனில் போட்டுவிடுவது நல்லது. வரி வருஷம் ஏப்ரல் 5இல் முடிகிறது, பென்ஷனை அதற்குப் பிறகு கட்டி முந்தின வருஷத்தில் சேர்க்க வழியில்லை.

கிஃப்ட் எய்டுக்கு மட்டும் அந்த வழி உண்டு. ஏப்ரல் முடிந்த பிறகு 300 பவுண்டு தாண்டிவிட்டது என்று தெரிந்தால், பதிவுபெற்ற அறக்கட்டளையாக உள்ள கோயிலுக்கு 240 பவுண்டு கிஃப்ட் எய்ட் படிவத்தோடு கொடுத்து, ஜனவரி 31க்குள் போடும் முதல் வரி ரிட்டர்னில் முந்தின வருஷத்து நன்கொடை என்று காட்டலாம். 240 என்பது 300 ஆகக் கழியும். ரிட்டர்னைப் போட்டுவிட்டுப் பிறகு திருத்தினால் செல்லாது. உண்டியலில் போட்ட காசும் செல்லாது, பெயரும் விலாசமும் எழுதிய கிஃப்ட் எய்ட் உறுதிமொழி வேண்டும்.

வட்டியை அவர் பெயரில் வைத்திருக்கவே வேண்டாம். பேங்க் வட்டியில் 500 பவுண்டு வரை அவருக்கு வரி இல்லை என்பது சரி, ஆனாலும் அந்த 500 உள்பட முழு வட்டியும் ஒரு லட்சக் கணக்கில் சேரும். கணவன் மனைவிக்குள் பணம் மாற்ற வரி இல்லை. உங்களுக்கு 1,000 பவுண்டு வரை வட்டிக்கு வரியில்லை. முதலை உங்கள் பெயருக்கு மாற்றினால் 1,100இல் 100க்குத்தான் 20 பவுண்டு வரி. ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் போட்டால் அதுவும் இல்லை.

நர்சரிக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுதிசெய்யச் சொல்லி ஞாபகச் செய்தி வரும். அதில் கேட்பது இந்த வரி வருஷம் முழுவதற்கும் நீங்கள் எதிர்பார்க்கும் தொகை. பென்ஷனைக் கழித்தபின் ஒரு லட்சத்துக்குள் இருக்கும் என்று நியாயமாக எதிர்பார்த்தால் ஆம் என்று உறுதிசெய்யலாம். ஆனால் உறுதிசெய்யும் நாளில் எச்.ஆருக்கு அனுப்பிய மின்னஞ்சலாவது கையில் இருக்கட்டும். உறுதிசெய்ய மறந்தால் நர்சரிக்குத் தரும் எண் காலாவதியாகும். மறுபடி தொடங்க அடுத்த தவணை வரை காத்திருக்க நேரலாம். தவணைகள் செப்டம்பர், ஜனவரி, ஏப்ரல் முதல் தேதிகளில் ஆரம்பம்.

நாலு நாள் வேலை என்ற அண்ணாவின் யோசனை முட்டாள்தனம் அல்ல, அது வேறு கணக்கு. 106,000இல் ஐந்தில் நாலு பங்கு 84,800. பென்ஷன் வழியோடு பார்த்தால் கையில் 7,946 பவுண்டு குறையும், பென்ஷனில் 7,500 குறையும். அதற்கு ஈடாக வாரத்தில் ஒரு நாள் பிள்ளைகளோடு இருக்கலாம், ஒரு நாள் நர்சரிச் செலவும் குறையும். வரிக்காக மட்டும் செய்வதென்றால் வேண்டாம். அந்த நாள் வேண்டும் என்று ஆசைப்பட்டால் தாராளமாகச் செய்யலாம்.

பென்ஷன் வழியிலும் குறை உண்டு. அந்தப் பணத்தை 55 வயதுக்கு முன் தொட முடியாது, 2028 ஏப்ரல் 6 முதல் அது 57 வயது. வீடு வாங்க முன்பணம் சேர்ப்பவருக்கு இது இடிக்கும். 2029 ஏப்ரலிலிருந்து சேலரி சாக்ரிஃபைஸில் வருஷம் 2,000 பவுண்டுக்கு மேற்பட்டதற்கு இன்சூரன்ஸ் விலக்கு கிடையாது. 7,500 போட்டால் மீதி 5,500க்கு அவருக்கு 110 பவுண்டும் கம்பெனிக்கு 825 பவுண்டும் கூடும். ஏற்கெனவே போகும் பிடித்தமும் இதே வழியில் போகிறதென்றால் இன்னும் கூடும். வருமான வரிச்சலுகைக்கும் ஒரு லட்சக் கணக்குக்கும் பாதிப்பில்லை. எப்படியும் இது சில வருஷ ஏற்பாடுதான். பெரியவர் பள்ளிக்கூடம் போனதும் கணக்கில் பாதி மாறும். சின்னவரும் போனபிறகு, 62 பென்ஸ் வரியைத் தவிர்க்கப் பென்ஷன் போடுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பிள்ளைகளுக்கான அரசு உதவித்தொகையான சைல்ட் பெனிஃபிட் 80,000 தாண்டியபோதே முழுதாகத் திரும்பப் போய்விட்டது, அதில் புதிதாக இழக்க ஒன்றுமில்லை.

இப்போது சாப்பாட்டு மேசைக்கு வருவோம்.

மாமனார் கேட்ட கேள்விக்கு நேர்பதில், வருமான வரியின் 20, 40, 45 என்ற மூன்று வீதங்களையும் சம்பளத்தின் மீது யாரும் ஏற்றவில்லை. 2024 தேர்தல் அறிக்கையில் லேபர் தொட மாட்டோம் என்றது அந்த வீதங்களையும், நேஷனல் இன்சூரன்ஸையும், வாட் வரியையும்தான். ஆனால் பிரிட்டனில் சம்பளக்காரர் மீது வரி ஏறியது வீதத்தில் அல்ல, வரம்பில். பெர்சனல் அலவன்ஸ் 12,570, 40 சதவீதம் தொடங்கும் 50,270, இரண்டும் 2021 ஏப்ரலிலிருந்து ஒரு பென்ஸ்கூட நகரவில்லை. வழக்கப்படி ஒவ்வொரு செப்டம்பரின் விலைவாசி உயர்வுக்கு ஏற்றபடி நகர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2021இல் 3.1, 2022இல் 10.1, 2023இல் 6.7, 2024இல் 1.7, 2025இல் 3.8 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், அலவன்ஸ் இன்று 16,070 பவுண்டை ஒட்டி இருந்திருக்கும். 40 சதவீத வரி 64,000ஐத் தாண்டித்தான் தொடங்கியிருக்கும்.

உங்கள் சொந்தச் சம்பளத்தில் இதைப் பார்ப்போம். 31,000இல் 12,570 போக மீதிக்கு 20 சதவீதம், 3,686 பவுண்டு வரி. அலவன்ஸ் நகர்ந்திருந்தால் 2,986. எழுநூறு பவுண்டு வித்தியாசம். அலவன்ஸை நகர்த்திவிட்டு அதே 3,686ஐ உங்களிடம் வசூலிக்க வேண்டுமென்றால், வீதத்தை 20இலிருந்து ஏறக்குறைய 25க்கு ஏற்றியிருக்க வேண்டும். அப்படி ஏற்றுகிறேன் என்று எந்த நிதியமைச்சரும் நாடாளுமன்றத்தில் எழுந்து சொல்லப்போவதில்லை. சொல்லாமலே அதே காசு வந்துவிடுகிறது. ஆகவே மாமனார் வீதத்தைக் காட்டு என்று கேட்பதே தப்பான இடத்தில் தேடுவது.

ஆனால் அண்ணா இதை லேபர் தலையில் கட்டுவதும் தப்பு. 2021 மார்ச் பட்ஜெட்டில் வரம்பை நகர்த்தாத இந்த உறைநிலையைத் தொடங்கியவர் ரிஷி சுனக். 2022 நவம்பரில் அதை 2028 வரை நீட்டியவர் ஜெரமி ஹன்ட். இருவரும் கன்சர்வேடிவ் நிதியமைச்சர்கள். லேபரின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் 2024 அக்டோபர் பட்ஜெட்டில், இதை மேலும் நீட்டுவது உழைப்பவர்களைப் பாதிக்கும் என்று காரணம் சொல்லி நீட்டாமல் விட்டார். 2025 நவம்பர் 26 பட்ஜெட்டில் அவரே 2031 ஏப்ரல் வரை நீட்டினார். வாக்கு மீறல் என்று யாரும் இதைச் சொன்னால் மறுப்பது கஷ்டம். வீதம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மறுக்க முடியும். ஆனால் அந்த நீட்டிப்பு கடிக்கத் தொடங்குவது 2028இல். இதுவரை உங்கள் பேஸ்லிப்பில் கடித்தது முந்தைய ஆட்சியின் பல்.

ஹன்ட்டுக்கு ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். 2024இல் அவர் இன்சூரன்ஸை 12இலிருந்து இரண்டு தவணையாக 8 சதவீதத்துக்கு இறக்கினார். உங்களுக்கு அதில் வருஷத்துக்கு 737 பவுண்டு மிச்சம், அலவன்ஸில் இழந்த 700க்கு ஏறக்குறைய ஈடு. வேலை செய்பவருக்குத்தான் அந்த ஈடு. ஓய்வூதியக்காரர் இன்சூரன்ஸே கட்டுவதில்லை, ஆகையால் உறைநிலை மட்டும்தான் அவர் பங்கு. உங்கள் வீட்டில் இந்த வரி உயர்வை ஈடில்லாமல் சுமக்க நேரக்கூடியவர், வரியே ஏறவில்லை என்று வாதாடும் மாமனார்தான்.

உங்கள் கணவர் மாட்டிக்கொண்ட ஒரு லட்சக் கோட்டைப் போட்டது லேபர். 2009 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் அறிவித்து 2010 ஏப்ரலில் வந்தது. அப்போது அலவன்ஸ் 6,475 என்பதால் அலவன்ஸ் வெட்டுப்படும் பள்ளம் 112,950 வரைதான். அதன்பின் 14 வருஷம் ஆண்ட கன்சர்வேடிவ்கள் கோட்டை ஒரு பவுண்டுகூட நகர்த்தவில்லை, அலவன்ஸ் ஏறியதால் பள்ளம் மட்டும் அகலமானது. விலைவாசியோடு நகர்ந்திருந்தால் அந்த ஒரு லட்சம் இன்று ஒன்றரை லட்சத்தை எட்டியிருக்கும். நர்சரிச் சலுகையை அதே கோட்டில் கட்டியதும், 2023இல் அதை ஒன்பது மாதக் குழந்தை வரை விரித்ததும் கன்சர்வேடிவ் ஆட்சி. தம்பதி இருவரும் ஆளுக்கு 99,000 வாங்கினால் இந்த நர்சரிச் சலுகைகள் உண்டு; தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய் 101,000 வாங்கினால் இல்லை. இதற்கு நியாயம் சொல்ல எந்தக் கட்சிக்காரராலும் முடியாது. ஆனால் ஒரு லட்சம் சம்பாதிப்பவருக்காகப் பரிந்து பேசினால் ஓட்டு விழாது என்பதால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

மாமனாரின் வீட்டுக் கணக்கைப் பற்றி: வீட்டுக்காரர் சம்பாதிக்கும் வயது முடிந்துவிடும், அவர் கடனை அடைத்தே ஆக வேண்டும். அரசு பழைய கடன் பத்திரம் முதிரும்போது புதிய பத்திரம் விற்று அதைக் கொடுக்கிறது, அதுவும் தன் சொந்த நாணயத்தில். அதனால் கடனின் மொத்தத்தைவிட வட்டிதான் இடிக்கிறது. இப்போது வருஷத்துக்கு நூறு பில்லியன் பவுண்டுக்கு மேல். அதற்காகக் கடனுக்கு எல்லையே இல்லை என்றும் அர்த்தமில்லை. 2022 செப்டம்பர் 23இல் அன்றைய கன்சர்வேடிவ் நிதியமைச்சர் குவாசி குவார்டெங், 45 பில்லியன் பவுண்டு வரிக்குறைப்பை, காசு எங்கிருந்து வரும் என்று சொல்லாமல், அரசின் வரவு செலவைத் தனித்து மதிப்பிடும் ஓ.பி.ஆர். அமைப்பின் மதிப்பீடும் இல்லாமல் அறிவித்தார். பத்திர வட்டி எகிறியது, ஐந்தாம் நாள் பேங்க் ஆஃப் இங்கிலாந்து இறங்கிப் பத்திரம் வாங்க வேண்டி வந்தது, அக்டோபர் 14இல் அவர் பதவி போனது. அதன்பின் வந்த எந்த நிதியமைச்சரும் ஓ.பி.ஆர். கணக்கை மீறத் துணியவில்லை. செலவைக் குறைக்கலாமே என்றால் பெரிய தொகை போவது சுகாதாரம், ஓய்வூதியம், உதவித்தொகை, கல்வி. குறைக்கச் சொல்பவர் எதில் என்று சொல்ல வேண்டும். வருமான வரி, இன்சூரன்ஸ், வாட் மூன்றும்தான் வரி வருவாயில் பெரும்பகுதி. அவற்றின் வீதத்தில் கை வைக்க மாட்டேன் என்று வாக்கும் கொடுத்துவிட்டால், வரம்பை உறையவிடுவதும், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில்லறை வரி போடுவதும்தான் மிச்சம். நேர்மையாக வீதத்தில் ஒரு பென்ஸ் ஏற்றுவது இதைவிட நல்லது என்பது என் கருத்து. அப்படிச் செய்திருந்தால் யார் எவ்வளவு கட்டுகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அண்ணா கடைக்கு வருவோம். ரீவ்ஸ் உண்மையில் ஏற்றியது முதலாளியின் இன்சூரன்ஸை. 2025 ஏப்ரலில் 13.8இலிருந்து 15 சதவீதம் ஆனது, தொடங்கும் வரம்பு 9,100இலிருந்து 5,000க்கு இறங்கியது. 24,000 வாங்கும் ஒரு ஊழியருக்கு முன்பு 2,056, இப்போது 2,850. ஆனால் அதே நாளில் சிறு முதலாளிக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் கழிவும் 5,000இலிருந்து 10,500 ஆனது. நாலு பேருக்கும் அந்தச் சம்பளம் என்றால் முன்பு கட்ட வேண்டியது 8,225, கழிவு போக 3,225. இப்போது 11,400, கழிவு போக 900. அவருக்கு வரி குறைந்திருக்கிறது! ஏழாவது ஆளை வைக்கும்போதுதான் பழைய நிலையைவிட மோசமாகும். கழிவு தானாக வராது, சம்பளக் கணக்கு அனுப்பும் மென்பொருளில் எம்ப்ளாய்மென்ட் அலவன்ஸ் என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டிருக்கிறாரா என்று கணக்காளரிடம் கேட்கட்டும். அவர் கல்லாவில் உண்மையில் இடிப்பது 2026 ஏப்ரலில் மணிக்கு 12.71 பவுண்டு ஆன குறைந்தபட்ச ஊதியம். அதைத் திட்டினால் ஒப்புக்கொள்ளலாம்.

கடைசியாக மாமனார் ஓய்வூதியம். 2026 ஏப்ரலிலிருந்து முழுப் புதிய ஓய்வூதியம் (2016 ஏப்ரலுக்குப் பின் ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கானது) வாரம் 241.30, வருஷத்துக்கு 12,547.60. அலவன்ஸுக்கு இன்னும் 22 பவுண்டு 40 பென்ஸ் பாக்கி. ஓய்வூதியம் வருஷாவருஷம் ஏறும், அலவன்ஸ் நிற்கும், ஆகவே 2027 ஏப்ரலில் தாண்டிவிடும். அரசு ஓய்வூதியம் தவிர வேறு வருமானமே இல்லாதவர்களிடம் அந்தச் சில்லறை வரியை வசூலிக்க மாட்டோம் என்று 2025 பட்ஜெட்டில் சொல்லியிருக்கிறார்கள். பழைய கம்பெனியிலிருந்து ஏதாவது பென்ஷன் வந்தால் நிலைமை வேறு. அதில் கிட்டத்தட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் இப்போதே 20 பென்ஸ் போகும், பென்ஷன் கொடுப்பவரே பிடித்துக்கொள்வார். அரசு ஓய்வூதியத்தோடு பேங்க் டெபாசிட் மட்டும் வைத்திருந்தால் பயப்பட வேண்டாம். அவருடைய வருமான நிலையில் வருஷத்துக்கு ஏறக்குறைய 6,000 பவுண்டு வட்டி வரை வரி கிடையாது.